பூங்காவும் மக்கள் நல்வாழ்வும்

நகரங்களில் மக்கள்தொகை பெருகுந்தோறும் நிலத்தின் மதிப்பு உயர்கிறது. வருவாய் தராததாகத் தோன்றும் பூங்கா நிலமே அப்போது முதலில் வேறு பயன்களுக்குக் கோரப்படுகிறது. ஆனால் அந்நிலம் மக்களின் உடல்நலத்தைக் காக்கும் பொதுச் சொத்தாகும்.

பயன்கள்

மரங்களின் இலைகள் வழியே நீர் ஆவியாகும்போது சுற்றுப்புற வெப்பம் தணிகிறது. கட்டடங்களும் சாலைகளும் பகலில் வெப்பத்தை ஏற்று இரவில் வெளிவிடுவதை நிழல் குறைக்கிறது. நடைப்பயிற்சிக்கு இடம் இருப்பின் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்துவது எளிதாகிறது. முதியோர் பிறருடன் கூடிப் பேசுவதால் தனிமையும் குறைகிறது.

பசுமையைக் காண்பதேகூட நோய் தீர உதவக்கூடும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றோரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிக் ஆராய்ந்து, 1984இல் முடிவுகளை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரைக் கண்ட 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர். அவர்களுக்குக் கடுமையான வலிநீக்கி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. இது சிறிய ஆய்வே எனினும் பின்வந்த பல ஆய்வுகளுக்குத் தூண்டுகோலாயிற்று.

பூங்காவா, மருத்துவமனையா?

பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவுப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம், மருத்துவமனை கட்டுவதற்காகத் தனியார் அறக்கட்டளை ஒன்றுக்கு அளிக்கப்பட்டது. மருத்துவமனையும் மக்கள் நலனுக்கே என்பது அதற்குக் கூறப்பட்ட வாதம். அப்பகுதிவாசிகள் வழக்குத் தொடுத்தனர். உயர்நீதிமன்ற ஆயம் அந்த ஒதுக்கீட்டை நீக்கியது; 1991இல் உச்சநீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பூங்காவுக்குரிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்ற இயலாது என்பதும், அதனை எதிர்த்து வழக்காடும் உரிமை அங்கு வாழ்வோர்க்கு உண்டு என்பதும் இதனால் நிலைபெற்றன. நோய் வந்தபின் தீர்ப்பது மருத்துவமனை. வருமுன் காப்பதில் பூங்காவுக்கும் பங்குண்டு. ஒன்றுக்காக மற்றொன்றை இழத்தல் முறையன்று.

செய்யத்தக்கவை

திருப்பதியை ஒட்டிய சேஷாசல மலைக்காடுகள் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. காடு அருகிலிருப்பது நகரின் பேறு. ஆயினும் குழந்தைகளும் முதியோரும் நாள்தோறும் நடந்து சென்று பயன்பெறும் தெருப்பூங்காவுக்கு அது ஈடாகாது. வீட்டிலிருந்து 300 மீட்டர் தொலைவுக்குள் அரை முதல் ஒரு எக்டேர் வரையிலான பசுமையிடம் இருத்தல் வேண்டும் என்பது, உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டல அலுவலகம் 2017இல் பரிந்துரைத்த அளவாகும்.

விஜயபுரம் போன்ற ஊர்களில், வீட்டுமனைகள் பிரிக்கப்படும்போதே இதற்கென நிலம் ஒதுக்குவது எளிது. நெருக்கம் மிகுந்தபின் அதே நிலத்தைப் பெறுவது அரிது. பெறினும் செலவு பன்மடங்காகும். ஒதுக்கிய நிலத்தை அளந்து வேலியிட்டுப் பதிவேட்டில் சேர்த்தலும், மரங்களுக்கு ஆண்டுதோறும் நீரும் பராமரிப்பும் உறுதி செய்தலும் உள்ளாட்சி அலுவலர்களின் கடமையாகும்.