பயமுறுத்தும் பங்களா: 'ரெசிடென்ட் ஈவில்' வளர்ந்த கதை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரமே எழும் கேள்வி, "என்ன கேம் போடலாம்?" என்பதுதான். கோபாலபுரத்தில் எங்கள் தெருவில் உள்ள நண்பர் ஒருவர் போன மாதம் கம்ப்யூட்டர் வாங்கினார். "எட்டாவது படிக்கிற பையன் 'ரெசிடென்ட் ஈவில்' வேணும்னு அடம் பிடிக்கிறான் சார். சும்மா சுடற விளையாட்டுதானே, போட்டுக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்கு முன் அந்த கேம் எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம்.

சாதாரணமாகச் சுடும் விளையாட்டுகளில் குண்டுகள் தாராளமாகக் கிடைக்கும். இந்த கேமில் எண்ணி எண்ணித்தான் கிடைக்கும். எதிரே வரும் பிணத்தைச் சுடுவதா, குண்டை மிச்சம் பிடித்து ஓடுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டும். இந்த வகை கேம்களை 'சர்வைவல் ஹாரர்' என்பார்கள். உயிர் பிழைப்பதே இதில் வெற்றி.

தொடக்கம்

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1989இல் 'ஸ்வீட் ஹோம்' என்ற கேமை வெளியிட்டது. அதே பெயரில் வந்த திரைப்படத்தைத் தழுவிய கேம் அது. ஐந்து பேர் ஒரு பேய் பங்களாவில் மாட்டிக்கொள்வார்கள். அதை இயக்கிய டோகுரோ ஃபுஜிவாரா, பின்னர் அதே பாணியில் புதிய கேம் ஒன்றை உருவாக்கும் பொறுப்பை ஷின்ஜி மிகாமி என்ற இளைஞரிடம் கொடுத்தார். 1996 மார்ச் 22 அன்று சோனியின் பிளேஸ்டேஷன் கருவிக்காக அது வெளியானது. ஜப்பானில் அதன் பெயர் 'பயோஹசார்ட்'; மற்ற நாடுகளில் 'ரெசிடென்ட் ஈவில்'. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கான பதிப்பும் பின்னர் வந்தது.

குறையே பலமானது

அந்த பிளேஸ்டேஷனில் இருந்த மெயின் மெமரி வெறும் 2 எம்பி. முழு பங்களாவையும் முப்பரிமாணத்தில் காட்ட அது போதாது. எனவே அறைகளை முன்கூட்டியே படங்களாகத் தயாரித்து வைத்து, ஆட்களை மட்டும் முப்பரிமாணத்தில் நடமாட விட்டார்கள். இதனால் கேமரா அறையின் ஒரு மூலையில் அசையாமல் நின்றது. திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. காலடி ஓசை மட்டும் கேட்கும். அடுத்த அறை லோடு ஆகும் நேரத்தில் ஒரு கதவு மெதுவாகத் திறப்பதைக் காட்டினார்கள். காத்திருக்கும் அந்த நேரமும் பயமாக மாறியது.

விளையாட்டை சேவ் செய்வதற்கும் கட்டுப்பாடு இருந்தது. டைப்ரைட்டர் இருக்கும் அறைக்குப் போக வேண்டும். கையில் இங்க் ரிப்பனும் இருக்க வேண்டும். ஜில் என்ற பாத்திரம் 8 பொருள்களையும் கிறிஸ் 6 பொருள்களையும் மட்டுமே எடுத்துச் செல்ல முடியும்.

மாற்றங்கள்

1998இல் ஹிடேகி காமியா இயக்கத்தில் இரண்டாம் பாகம் வந்தது. பெருமளவு முடிந்திருந்த முதல் வடிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி உருவாக்கிய கேம் அது. மூன்றாம் பாகம் 1999இல் வந்தது. 2002இல் ஹாலிவுட் படமும் வெளியானது.

2005இல் வந்த நான்காம் பாகத்தில் மிகாமி கேமராவை நாயகனின் தோளுக்குப் பின்னால் வைத்தார். பின்னாளில் வந்த பல கேம்கள் இந்த முறையைப் பின்பற்றின. அதன்பின் சண்டைக்கே முக்கியத்துவம் கூடியது. 2012இல் வந்த ஆறாம் பாகம் நன்றாக விற்றாலும், பயம் போய்விட்டது என்று ரசிகர்கள் குறைப்பட்டுக் கொண்டார்கள்.

கேப்காம் பாடம் கற்றது. 2017இல் வந்த ஏழாம் பாகம் மறுபடி ஒரே ஒரு பாழடைந்த வீட்டுக்குள் நம்மை அடைத்தது. குண்டுகளும் மறுபடி அரிதாகின. 2019இல் இரண்டாம் பாகமும் 2023இல் நான்காம் பாகமும் புதுமெருகுடன் மறுபடி வெளியிடப்பட்டன.

வாங்கும் முன்

முதலில் வயது வரம்பைப் பாருங்கள். அமெரிக்கத் தர நிர்ணயத்தில் இந்தத் தொடரின் முக்கிய பாகங்களுக்கு 'எம்' முத்திரை தரப்பட்டுள்ளது. அதாவது 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு.

அடுத்து உங்கள் கம்ப்யூட்டர் இதைத் தாங்குமா என்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி, ஜிபியு என்ற தலைப்புகளைக் கிளிக் செய்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 2019இல் வந்த பதிப்புக்கே குறைந்தது 8 ஜிபி ராமும் தனி கிராபிக்ஸ் கார்டும் தேவை. இலவச டெமோ இருந்தால் முதலில் அதை இயக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "பையனுக்கு இப்போது வேண்டாம். நீங்கள் ஒருமுறை விளையாடிப் பாருங்கள், அவனுக்கு ஏன் வேண்டாம் என்பது புரியும்" என்றேன். அவன் சில ஆண்டுகள் பொறுக்கட்டும். 1996 முதல் ஓடிக்கொண்டிருக்கும் தொடர், அதற்குள் எங்கேயும் போய்விடாது.