சாவி யார் பொறுப்பு?

கோவை அவிநாசி ரோட்டுப் பெரிய ஓட்டல்களில் வாசலிலேயே நம் காரை வாங்கிக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். இதற்கு வேலட் பார்க்கிங் என்று பெயர். ஓட்டுகிற பையன்களை மேற்பார்க்கும் சூப்பர்வைசர் வேலைக்கு நம் பிள்ளைகள் போகலாம், ஏன், நாமும் போகலாமுங்க. இதில் முக்கியம் சாவியைக் காப்பதுதான்.

1998-ல் டெல்லி தாஜ் மஹால் ஓட்டலில் ஒருவர் தன் மாருதி ஜென் காரை ஒப்படைத்து டோக்கன் வாங்கினார். திரும்பி வந்து கேட்டால் கார் இல்லை! வேறு காரில் வந்த ஆட்கள் மேசையிலிருந்த சாவியை எடுத்து ஓட்டிப் போய்விட்டார்கள். டோக்கனில் "உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்திருந்தது. கவனக்குறைவுக்கு அந்த வரி சாக்கு ஆகாது, ஓட்டல்தான் பொறுப்பு என்று 2019-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

ஆகவே டோக்கனில் ஒரு துண்டு வண்டிக்காரருக்கு, ஒன்று சாவியோடு. வண்டி எண், நேரம், ஏற்கனவே உள்ள கீறல் எல்லாம் அவர் முன்னாலேயே நோட்டில் ஏறணும். (தீர்மான நோட்டு எழுதிப் பழகின நமக்கு இதெல்லாம் ஒரு வேலையா!) சாவிகள் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். டோக்கன் தொலைஞ்சு போச்சுன்னு யாராவது அவசரப்படுத்தினால், "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி, ஆர்.சி.யும் அடையாள அட்டையும் பார்த்து, கையெழுத்து வாங்கிய பிறகே கொடுக்கணும். முகூர்த்த நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள்; தப்பு நடப்பது அப்போதுதான்.

ஓட்டுகிறவர்களின் லைசென்ஸ் தேதியையும் பாருங்கள்.

வேலையில் சேரும் முன், கீறல் விழுந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களா, இ.எஸ்.ஐ. உண்டா, ராத்திரி வீடு திரும்ப வண்டி உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்குங்க.