சூட்டில் ஆரஞ்சு, குளிரில் ஊதா

மாணவர்களே, ஒரு குப்பியில் சூடான ஆரஞ்சு நிறக் கரைசல் இருக்கிறது. அதை ஆறவிடுகிறோம். வேறு எதையும் சேர்க்கவில்லை. சிறிது நேரத்தில் அது ஊதாவாக மாறுகிறது. திரும்பச் சூடாக்கினால் மறுபடியும் ஆரஞ்சு. இது வேதியியல் மாற்றமா?

"நிறம் மாறியது, ஆகவே வேதியியல் மாற்றம்" என்று விடைத்தாளில் எழுதும் பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. இங்கே அது பொருந்தாது. மூலக்கூறுக்குள் ஒரு பிணைப்புகூட அறுபடவில்லை. புதிய பொருள் எதுவும் உருவாகவில்லை. மாறியது மூலக்கூறுகளின் வடிவமும் அவை அடுக்கப்பட்ட விதமும்தான்.

குப்பியில் அனிசோல் என்னும் கரைப்பானில் கரைந்திருப்பது பாலி ஹெக்ஸைல் தையோஃபீன். ஆய்வாளர்கள் சுருக்கமாக 'பி3எச்டி' என்பார்கள். நான்கு கார்பன் அணுக்களும் ஒரு கந்தக அணுவும் சேர்ந்த வளையங்களைச் சங்கிலியாகக் கோத்தால் கிடைக்கும் பாலிமர் இது. சங்கிலி நெடுக ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. அதனால் சில எலெக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுப்படாமல் சங்கிலி வழியே பரவி நிற்கின்றன. பிளாஸ்டிக் பையில் உள்ள பாலிஎத்திலீனில் ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே. அங்கே இந்த வசதி இல்லை.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது பாலிஅசெட்டிலீன். 1977இல் ஹிடேகி ஷிராகாவா, ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் ஆகியோர் அயோடின் ஆவியால் அதன் மின்கடத்தும் திறனைப் பல லட்சம் மடங்கு உயர்த்திக் காட்டினர். 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் பாலிஅசெட்டிலீன் எதிலும் கரையாது, உருகவும் செய்யாது. கரையாததை மைபோல் பூசுவது எப்படி? பின்னர் வந்த வேதியியலாளர்கள், இத்தகைய சங்கிலிகளின் வளையங்களில் வால்களை ஒட்டவைத்தனர். பி3எச்டியில் ஒவ்வொரு வாலும் ஆறு கார்பன் நீளம். வால்கள் கரைப்பானோடு எளிதாகக் கலந்து, விறைப்பான சங்கிலியையும் கரைசலுக்குள் இழுத்துக்கொள்கின்றன.

இனி நிறத்துக்கு வருவோம். சூட்டில் வளையங்கள் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கு விழும் இடங்களில் எலெக்ட்ரானின் பாதை துண்டாகிறது. பாதை குறுகினால் எலெக்ட்ரானைக் கிளர்த்த அதிக ஆற்றல் தேவை. எனவே சங்கிலி 450 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை விழுங்குகிறது. மிஞ்சிய ஒளி நமக்கு ஆரஞ்சாகத் தெரிகிறது.

குளிரும்போது சங்கிலிகள் தட்டையாகி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. இரண்டு சங்கிலிகளுக்கு இடையே ஏறக்குறைய 0.38 நானோமீட்டர்தான் இடைவெளி. பாதை நீண்டுவிட்டதால் குறைந்த ஆற்றலே போதும். இப்போது விழுங்கப்படுவது பச்சையும் மஞ்சளும். கண்ணுக்குத் தெரிவது ஊதா. ஒளி உறிஞ்சும் வரைபடத்தில் 605 நானோமீட்டர் அருகே ஒரு சிறு மேடு எழுந்தால், சங்கிலிகள் திரளத் தொடங்கிவிட்டன என்று ஆய்வாளர் புரிந்துகொள்வார். ஊதாவான அதே வெப்பநிலையில் ஆரஞ்சு திரும்பிவிடாது என்பதையும் கவனியுங்கள். அடுக்கைக் கலைக்க இன்னும் கூடுதலாகச் சூடாக்க வேண்டும்.

ஆறிப்போன மீஹூன் கட்டியாவதைப் போன்றதா இது? பாதி சரி. மீஹூன் கன்னாபின்னாவென்று ஒட்டிக்கொள்ளும். பி3எச்டியோ ஒழுங்காக அடுக்கி, சுமார் 20 நானோமீட்டர் அகலமுள்ள நுண்ணிழைகளாக வளர்கிறது.

இந்த ஒழுங்குக்குப் பெரிய மதிப்பு உண்டு. நெகிழும் டிரான்சிஸ்டரோ சூரிய மின்கலமோ செய்ய, இக்கரைசலை மெல்லிய படலமாகப் பூசுவார்கள். நன்றாக அடுக்கிய சங்கிலிகளில் மின்னூட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவும். அதனால் சிலர் பூசுவதற்கு முன்பே கரைசலை வேண்டுமென்றே ஆறவைக்கிறார்கள். சிலர் மெத்தனால் போன்ற, பாலிமரைக் கரைக்காத திரவத்தைச் சிறிது சேர்த்துத் திரளச் செய்கிறார்கள். அளவு மீறினால் கட்டிகள் அச்சுப்பொறியின் துளையை அடைத்துவிடும், படலமும் மேடுபள்ளமாகிவிடும். ஆக, "கரைந்ததா, கரையவில்லையா" என்ற நம் வழக்கமான கேள்வி இங்கே போதாது. கரைந்த நிலையில் எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

பி3எச்டி உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்காது. மாவுச்சத்தும் அயோடினும் இருக்கும். நீர்த்த மாவுச்சத்துக் கரைசலில் ஓரிரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலம் தோன்றும். ஆசிரியர் முன்னிலையில் சோதனைக்குழாயை வெந்நீரில் வைத்துப் பாருங்கள்; நீலம் மங்கும். உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். நீலம் திரும்புகிறதா? மாவுச்சத்துச் சுருளுக்குள் அயோடின் எப்படி வரிசையாக அமர்ந்திருக்கும் என்று படம் வரைந்து, உங்கள் விளக்கத்தை எழுதுங்கள்.