லேப்டாப்பில் மெமரி குறைவா? போட்டோக்களை அழிக்காதீர்கள்!

சென்ற மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு போன். பால்கோவா கடை வைத்திருக்கும் அண்ணாச்சி பேசினார். அண்மையில்தான் வீட்டுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கியிருந்தார்.

“தம்பி, கம்ப்யூட்டர்ல மெமரி குறைவுன்னு மெசேஜ் வருது. மகள் கல்யாண போட்டோ எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அப்பவும் நிக்கல. பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கிரட்டுமா?”

எனக்குப் பகீரென்றது. “ரீசைக்கிள் பின்னைக் காலி செஞ்சீங்களா அண்ணாச்சி?” என்றேன். “அப்படின்னா?” என்றார். அப்பாடா! “நான் வரும்வரை எதையும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு, ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன்.

ரீசைக்கிள் பின்னைத் திறந்ததும் போட்டோக்கள் அனைத்தும் இருந்தன. கண்ட்ரோல் + ஏ அழுத்தி, ரைட் கிளிக் செய்து, ரீஸ்டோர் கொடுத்தேன். எல்லாம் பழைய போல்டருக்கே திரும்பின. ஷிப்ட் + டெலீட் கொடுத்து அழித்திருந்தாலோ, பென் டிரைவில் இருந்து அழித்திருந்தாலோ அவை இங்கே வந்திருக்காது.

பிறகு அவர் கடையை வைத்தே விளக்கினேன். ஹார்ட் டிஸ்க் என்பது சரக்கு வைக்கும் அறை. ராம் மெமரி என்பது அடுப்பில் இருக்கும் வாணலி. வாணலி சிறியதாக இருந்தால், அறையைக் காலி செய்வதால் கூடுதல் பால் காய்ச்ச முடியுமா? போட்டோக்கள் இருப்பது அறையில். மெசேஜ் வந்ததோ வாணலி நிரம்பியதால்.

ராமில் இடம் போதாதபோது விண்டோஸ், ஹார்ட் டிஸ்க்கில் பேஜ் பைல் என்ற இடத்தையும் பயன்படுத்தும். ராமை விட இது மிகவும் மெதுவானது. லேப்டாப் தவழ்வது இதனால்தான். சி டிரைவ் அறவே நிரம்பிவிட்டால் பேஜ் பைல் வளர இடமிருக்காது. அப்போது மட்டுமே இடம் ஒதுக்குவது உதவும். அண்ணாச்சியின் சி டிரைவில் பாதி காலியாகவே இருந்தது.

உங்களுக்கும் இந்தப் பிரச்னை வந்தால் கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. கண்ட்ரோல் + ஷிப்ட் + எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தவும். டாஸ்க் மானேஜர் கிடைக்கும். பெர்பார்மன்ஸ் பகுதியில் மெமரி என்பதைக் கிளிக் செய்திடவும். அண்ணாச்சியின் லேப்டாப்பில் மொத்தம் 4 ஜிபி. அதில் 90 சதவீதத்திற்கு மேல் நிரம்பியிருந்தது.

2. புராசஸஸ் பகுதியில் மெமரி என்ற தலைப்பைக் கிளிக் செய்தால், அதிகம் விழுங்கும் புரோகிராம் மேலே வரும். இங்கே அது பிரவுசர். 23 டேப்கள் திறந்திருந்தன! தேவையற்றவற்றை மூடவும்.

3. ஸ்டார்ட் அப் பகுதியில், தேவையில்லாமல் தானே இயங்கும் புரோகிராம்களை டிஸேபிள் செய்திடவும். பெயர் தெரியாதவற்றைத் தொட வேண்டாம்.

4. ஷட் டவுன் செய்வதற்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுக்கவும். பாஸ்ட் ஸ்டார்ட் அப் வசதி இயங்கும் லேப்டாப்பில், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாகப் புதிதாகத் தொடங்குவதில்லை.

இவற்றால் மெசேஜ் நின்றது. ஆனால் 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 64 எம்பி ராம் இருந்தாலே போதும். 2021ல் வந்த விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி வேண்டும். அதாவது 64 மடங்கு! அந்த 4 ஜிபியுடன் வசதியாக வேலை பார்க்க முடியாது. எனவே ராம் கூட்டுவதே நல்லது.

வாங்கும் முன், டாஸ்க் மானேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் உள்ளது எனப் பார்க்கவும். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 பொருந்தாது. சில லேப்டாப்களில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; மாற்ற முடியாது. 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை.

அண்ணாச்சியின் லேப்டாப்பில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. மறுநாள் ராஜபாளையத்தில் வாங்கிய 4 ஜிபி ராமைப் பொருத்தினோம். பெரிய ஹார்ட் டிஸ்க் தேவைப்படவில்லை. மிஞ்சிய பணத்தில் ஒரு பென் டிரைவ் வாங்கி, கல்யாண போட்டோக்களுக்கு இன்னொரு காப்பி எடுத்து வைத்தார்.

நீங்களும் மெமரி குறைவு என்ற மெசேஜைக் கண்டால், டெலீட் கீயில் கை வைக்கும் முன், நிரம்பியது அறையா, வாணலியா என்று பாருங்கள்.