நோயாளி அறையில் புகை போடலாமா?

"டாக்டர், அப்பா படுத்திருக்கிற ரூமிலே காலையும் மாலையும் சாம்பிராணி போடறோம். புகை வெளியே போகாம ஜன்னலையும் மூடிட்டோம். அப்பதானே கிருமி சாகும்?"

காசநோய் கண்ட தகப்பனாரைப் பற்றி ஒரு பெண்மணி என்னிடம் இப்படிக் கேட்டார். வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். பெரியவர் புகைக்குள் மூச்சு வாங்கிக் கொண்டிருந்தார். கட்டிலுக்குக் கீழே பேரக் குழந்தை விளையாடிக் கொண்டிருந்தது. முதல் வேலையாக ஜன்னல்களைத் திறந்து விட்டேன்.

'சித்த வைத்தியரே புகை வேண்டாம் என்கிறாரே!' என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

கிருமி எப்படிப் பரவுகிறது?

காசநோயாளி இருமும்போது வெளிவரும் பெரிய துளிகள் தரையில் விழுந்து விடும். 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ள நுண்துளிகள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஜன்னலை மூடினால் அந்தக் காற்றைத்தான் வீட்டில் எல்லோரும் சுவாசிக்க வேண்டும்.

புகையால் பயன் உண்டா?

உண்டு. சாம்பிராணி, குங்கிலியம், நொச்சி என்று நம் முன்னோர் புகைத்தது வீண் அல்ல. மூலிகைப் புகை போட்ட மூடிய அறையில், 1 மணி நேரத்தில் காற்றிலிருந்த பாக்டீரியாக்கள் 94 சதவீதம் குறைந்ததாக லக்னோ ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் அளந்தது அறைக் காற்றைத்தான். புண்பட்ட நுரையீரலுக்கு எந்தப் புகையும் எரிச்சல்தான், இருமல் கூடும். இருமல் கூடினால் கிருமியும் கூடுதலாக வெளியே வரும். ஆகவே நோயாளி இருக்கும்போது அறையில் புகை வேண்டவே வேண்டாம்.

பின் என்ன செய்வது?

* எதிரெதிராக உள்ள ஜன்னல், கதவைத் திறந்து வையுங்கள். அறைக் காற்று மணிக்கு 12 முறை மாறினால், மிதக்கும் கிருமிகளில் 99 சதவீதம் சுமார் 23 நிமிடத்தில் வெளியேறி விடும்.
* காற்று நோயாளியைத் தாண்டி வெளியே போகும்படி கட்டிலை ஜன்னலோரம் போடுங்கள்.
* படுக்கை, தலையணையை வெயிலில் காய வையுங்கள். காசநோய்க் கிருமிக்கு நேரடி வெயில் ஆகாது.
* இருமும்போது வாயைத் துணியால் மூடச் சொல்லுங்கள். சளியை மூடி போட்ட டப்பாவில் துப்பட்டும்.

மருந்தை விடாதீர்கள்!

காற்றைச் சுத்தம் செய்வது பாதி வேலைதான். 1956-ல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. கிருமியைப் பிறக்கும் இடத்திலேயே அழிப்பது மாத்திரைதான். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. 'இருமல் நின்னு போச்சே' என்று பாதியில் நிறுத்தி விடாதீர்கள்.

அந்தப் பேரக் குழந்தையையும் அன்றே பரிசோதனைக்கு அனுப்பி வைத்தேன். உங்கள் வீட்டிலும் காசநோயாளி இருந்தால், குழந்தைகளைப் பரிசோதிக்க மறக்காதீர்கள்.