மலையிலிருந்து சேற்றுக்கு: மரபு நடை தொடங்கும் ஒரு தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

கடலூரில் மரபு நடை தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். கூடவே இடங்களின் பட்டியலும் அனுப்பியிருந்தாய்: திருவந்திபுரம், பாரதி அடைபட்டிருந்த சிறை, திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில், தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை, மறுநாள் பிச்சாவரம், சிதம்பரம். ஓரிடத்தில் அரை மணி நேரம், அடுத்த இடத்துக்கு வேன். பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேனை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடு.

வேனில் போனால் உன்னால் காட்ட முடிவது ஐந்தாறு கட்டடங்கள். அவற்றுக்கு நடுவே கிடக்கும் செம்மண் மேடும் ஆற்றுக் களியும் உப்புச் சேறும் ஜன்னலுக்கு வெளியே ஓடிப்போய்விடும். கோட்டையை ஏன் அங்கே வைத்தார்கள், சிதம்பரத்துக்குத் தில்லை என்று ஏன் பெயர் என்று யாராவது கேட்டால், பதில் அந்த மண்ணில்தான் இருக்கிறது. உன்னோடு வருகிறவர்கள் மலையிலிருந்து தங்கள் காலால் இறங்கட்டும். சேற்றில் மிதித்து, அது காய்வதற்குள் கோட்டைக்குப் போய் நிற்கட்டும். அப்புறம் நீ சொல்கிற வரலாறு அவர்களுக்கு வேறு மாதிரி கேட்கும்.

திருவந்திபுரத்தில் விடியற்காலை தொடங்கு. தேவநாதசுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி. ஹயக்ரீவர் சந்நிதிக்கு 74 படிகள். மூட்டு வலிக்காரர்கள்கூட நின்று நின்று ஏறிவிடலாம். வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் இது. அவர் தன் கையாலேயே கட்டியதாகச் சொல்லும் கிணறு இன்றும் இருக்கிறது. அதை அவசியம் காட்டு. தத்துவம் எழுதியவர் கிணறும் கட்டினார் என்று ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வருவது சாதாரண விஷயமில்லை. மேலே போனதும் கிழக்கே பார்க்கச் சொல். கீழே கெடிலம், வயல், தென்னை, அதைத் தாண்டிக் கடல். அன்று முழுவதும் நடக்கப்போகிற வழி மொத்தமும் அந்த ஒரு பார்வையில் அடங்கும்.

அங்கிருந்து கேப்பர் மலைப் பக்கமாக நட. மலை என்று பெயர், உயரம் அதிகமில்லை. ஆனால் மண்ணைப் பார். மழைநீர் அறுத்து அறுத்து ஆள் உயரத்துக்கு மேல் ஓடைகள் விழுந்திருக்கும். அப்படி ஓர் ஓடைக்குள் எல்லோரையும் இறக்கி, பக்கச் சுவரை விரலால் சுரண்டச் சொல். சிவப்புத் தூள் உதிரும். அதற்குள்ளிருந்து கூழாங்கற்கள் வரும். ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கச் சொல். முனை மழுங்கி வழுவழுப்பாக இருக்கும். ஓடும் தண்ணீரில் வெகுதூரம் உருளாமல் ஒரு கல் அப்படி ஆகாது. நாம் மலை என்று ஏறி நிற்பது பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் கல்லும்தான். நிலவியல்காரர்கள் இந்த அடுக்குக்கே 'கடலூர் மணற்பாறை' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதே மணற்பாறை நெய்வேலிக்கும் பரவியிருக்கிறது. அங்கே அதன் நடுவில் பழுப்பு நிலக்கரி படிந்திருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த சதுப்புக் காட்டில் விழுந்த மரங்களும் செடிகொடிகளும் மக்காமல் தண்ணீருக்குள் அமிழ்ந்து, மேலே மணல் மூடி, அழுத்தத்தில் கரியாக மாறியவை. ஸ்காட்லாந்து மேட்டு நிலங்களில் நடப்பவர்கள் முழங்கால்வரை புதைகிற கரிச்சேறு இருக்கிறதே, 'பீட்' என்பார்கள், அது இந்த மாற்றத்தின் தொடக்க நிலை. அதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்த ஊர்கள் அங்கே ஏராளம். நம் ஊர்ச் சதுப்பு இன்னும் பல படிகள் தாண்டி, 1956-ல் அதற்கென்றே அரசு ஒரு நிறுவனம் தொடங்கும் நிலைக்கு வந்தது. வீட்டில் எரியும் விளக்கில் பழைய சேறு எரிகிறது என்று இந்த ஓடைக்குள் நின்று சொல்லிப் பார். கூட வரும் பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள்.

கேப்பர் மலையில்தான் மத்திய சிறை. புதுச்சேரியில் பத்து ஆண்டுகள் இருந்துவிட்டு 1918-ல் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் பாரதியைக் கடலூர் அருகே பிடித்தார்கள். நவம்பர் 20 முதல் டிசம்பர் 14 வரை சிறை. இங்கே உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கவிதை சொல்லிக் கைதட்டல் வாங்காதே. மாதத்தைச் சொல், போதும். நவம்பர், டிசம்பர் என்றால் நமக்கு அடைமழைக் காலம். ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் செம்மண் எப்படி ஒழுகும், காற்று எப்படி அடிக்கும் என்பதை உள்ளூர்க்காரர்கள் அறிவார்கள். அந்த மனிதர் உள்ளே இருந்த நாட்களை அவர்களே நினைத்துப்பார்த்துக்கொள்வார்கள். சிறை வளாகத்தருகே கூட்டமாக நிற்காதே, கேமராவை எடுக்கவும் விடாதே. முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுது. கிடைக்காவிட்டால் சாலையில் நடந்தபடியே சொல்லிவிட்டுக் கடந்து போ.

வழியில் முந்திரித் தோப்புகள் வரும். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் இந்த மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. வழியில் வயதானவர் யாரையாவது பார்த்தால் பேச்சுக் கொடு. அந்த இரவைப் பற்றி உன்னைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

மேட்டிலிருந்து இறங்கினால் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறவிட்ட குப்பம். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரை சேர்ந்ததாகச் சொல்லும் இடம். இப்போது கடல் அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. வருகிறவர்கள் உடனே, "இங்கே எப்படிக் கரையேற முடியும்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்காதே. சுந்தர சண்முகனார் 'கெடிலக் கரை நாகரிக'த்தில், இன்று ஊருக்கு வடக்கே ஓடும் கெடிலம் முன்பு தெற்கே ஓடியது, பிறகு திசை மாறியது என்று வாதிட்டிருக்கிறார். பக்தர்களுக்கு அது அற்புதம் நடந்த இடம். மண்ணைப் படிப்பவனுக்கு ஓர் ஆறு படுக்கை மாறிய கதை. இரண்டையும் மரியாதையாகச் சொல். ஒன்றை வைத்து மற்றதைக் கேலி செய்கிறவன் அந்த ஊரில் மறுபடி நடை நடத்த முடியாது, நடத்தவும் கூடாது.

இனிச் சேறு. கெடிலக் கரையோரமாகக் கிழக்கே போகப்போக மண் மாறும். செம்மை போய்ச் சாம்பல், பிறகு கறுப்பு. ஆறும் உப்பனாறும் கடலோடு கலக்கும் கழிமுகம் வரும். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் தட்டையான நிலத்தில் அந்த அளவே போதும். காலையில் நடந்த இடத்தில் மதியம் தண்ணீர் நிற்கும். மீனவர்களிடம் ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள். கையில் ஆளுயரக் கம்பு வேண்டும். உமிரிச் செடி அடர்ந்து வளர்ந்த இடம் பெரும்பாலும் காலைத் தாங்கும்; வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். செடியே இல்லாமல் பளபளவென்று மின்னும் கறுப்புச் சேற்றில், அதுவும் நண்டு வளை நெருக்கமாக இருக்கும் இடத்தில், கம்பை ஊன்றிப் பார்க்காமல் ஒருவரையும் இறக்காதே. கால் மாட்டிக்கொண்டால் நேராக மேலே இழுக்கக் கூடாது, சேறு இன்னும் கவ்வும். குதிகாலை இப்படியும் அப்படியும் அசைத்து இடைவெளி விட்டு, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து மெதுவாக எடுக்க வேண்டும். இதைக் கரையில் வைத்தே ஒருமுறை எல்லோருக்கும் செய்து காட்டு. ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். சேறு அதைத் திருப்பித் தராது.

இப்படி வந்து புனித டேவிட் கோட்டையின் மிச்சத்தருகே நிற்கும்போது, அது ஏன் இங்கே என்று நீ விளக்க வேண்டியதே இருக்காது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, மீதி உளை. பீரங்கியை இழுத்துக்கொண்டு வருகிற படைக்கு இந்த மண் எப்படிப்பட்ட எதிரி என்பது வந்தவர்களின் முழங்காலுக்கே தெரிந்திருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் மராட்டியரிடமிருந்து இதை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு, பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள நிலமும் ஒப்பந்தம். நாலா திசையிலும் சுட்டார்கள். குண்டு போன தூரம்வரை இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்குப் போயின. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயரே ஏற்பட்டது. அந்த ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது அவசரப்படாதே. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் 1752 வரை ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் இதுதான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினான். அதனால்தான் பார்ப்பதற்கு இன்று இவ்வளவு கொஞ்சம்.

நேரம் இருந்தால் கடலூர் முதுநகருக்குத் தெற்கே 1783 ஜூன் 13 அன்று நடந்த சண்டையையும் சொல். ஸ்டூவர்ட்டின் கம்பெனிப் படையும் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் மோதின. இரு பக்கமும் ஏராளமானோர் செத்தார்கள். ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்டது அதே ஆண்டு ஜனவரி 20. கப்பலில் சேதி வந்து சேரும்போது ஜூன் மாதமே முடியப்போயிற்று. இரண்டு படையிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள் என்பதை விட்டுவிடாதே.

மறுநாளைக்கும் வேன் வேண்டாம். பாசஞ்சர் ரயில் ஏறு. பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் போகும்போது எல்லோரையும் ஜன்னல் பக்கம் வரச் சொல். 1781 ஜூலை 1 அன்று மைசூரின் ஐதர் அலியும் கம்பெனித் தளபதி அயர் கூட்டும் மோதியது இந்தப் பகுதியில்தான். கிள்ளையில் இறங்கினால் பிச்சாவரம் கண்டல் காடு.

அங்கே சேற்றில் இறங்காதே. கண்டலின் மூச்சு வேர்கள் விரல் விரலாகச் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். மிதித்தால் மரத்துக்குக் கேடு. படகில் போ, வனத்துறை சொல்வதைக் கேள். தில்லை மரத்தைக் காட்டு. உதிரும் முன் இலை சிவந்திருக்கும், அதை வைத்து எட்ட இருந்தே அடையாளம் காணலாம். இலையைக் கிள்ள யாரையும் விடாதே. பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே மங்கிவிடும். சிதம்பரம் பொன்னம்பலத்தின் தல மரம் இதுதான். இன்று சிதம்பரம் வீதிகளில் தில்லைக் காட்டைத் தேடினால் கிடைக்காது. இங்கேதான் வர வேண்டும். ஆகையால் முதலில் காடு, பிறகு கோயில் என்று வரிசையை மாற்றிக்கொள். கிழக்குக் கோபுரத்துக்குள் நுழையும்போது அவர்கள் தில்லை மரத்தைப் பார்த்தவர்களாக இருப்பார்கள்.

இந்தக் காடு ஒருமுறை அழிந்து மீண்டதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலம் தொட்டுப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து உள்வாங்கியது. பள்ளத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் வற்றி வற்றி உப்பு ஏறியது. பிறகு எதை நட்டாலும் பிழைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டி, ஏற்றவற்றம் உள்ளே வந்துபோக வழி செய்த பிறகுதான் கண்டல் திரும்பியது. 2004 சுனாமியில் இந்தக் காடு ஊர்களைக் காத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். கண்டலுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வுகள் வந்தது உண்மை. ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு மேட்டில் இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்ததும் உண்மை. இரண்டையும் சொல். உள்ளதைச் சொன்னால் காட்டின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாகப் பணம். கிள்ளைப் பக்கத்து இருளர்கள் கழிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே துழாவி இறால் பிடிப்பவர்கள். சேற்றைப் பற்றி நாம் புத்தகத்தில் படிப்பதைவிட அதிகம் அவர்கள் விரல்களுக்குத் தெரியும். அவர்களை எட்ட நின்று படம் பிடிக்கிற வேலையை உன் நடையில் அனுமதிக்காதே. ஒருவரையோ இருவரையோ முன்கூட்டியே கேட்டு, ஒரு நாள் பிடிப்பில் வரும் வருமானத்துக்குக் குறையாத கூலி கொடுத்து, வழிகாட்டியாக அழைத்து வா. அவர்கள் பேசும் நேரத்தில் நீ பேசாதே. வேனுக்கு ஒதுக்கியிருந்த தொகை இதற்குத் தாராளமாகப் போதும்.

தை பிறந்த பிறகு தொடங்கு. மழை நின்றிருக்கும், ஓடைகளில் மண் இறுகியிருக்கும், வெயில் ஏறியிருக்காது. முதல் நடைக்குப் பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காதே. தேதி முடிவானதும் எழுது. கம்புகளை நான் வெட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்