கணுக்காலின் உட்புறக் கட்டு

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. அந்நெறிப்படி, ஆரணி மக்கள் நன்கறிந்த குழித்தறியிலிருந்தே இப்பாடத்தைத் தொடங்குவோம். நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே விட்டு, மிதிகட்டைகளை மாறி மாறி மிதிக்கிறார். மிதிக்குந்தோறும் பாவு இரண்டாகப் பிரிந்து நாடாவுக்கு வழிவிடுகிறது. அவ்வுழைப்பு முழுவதும் கணுக்கால் மூட்டின் வழியாகவே நடைபெறுகிறது. அம்மூட்டின் உட்புறத்தைத் தாங்கும் நாரைப் பற்றியும், அது காயமுற்றால் அதனைச் சாதாரணச் சுளுக்கென்று ஏன் எண்ணலாகாது என்பதைப் பற்றியும் இங்குக் காண்போம்.

முதலில் இரு சொற்களின் வேறுபாட்டை மனத்திற் கொள்வோம். தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பது இணைப்பு நார். நாம் கூறவிருப்பது இரண்டாவதைப் பற்றியது.

வாசகர்கள் தம் கணுக்காலின் உட்புறப் புடைப்பின்மீது விரலை வைத்துப் பார்க்க. முழங்காலிலிருந்து இறங்கும் டிபியா என்னும் பெரிய எலும்பின் கீழ்முனை அது. வெளிப்புறப் புடைப்போ, அதனருகே இறங்கும் ஃபிபுலா என்னும் மெல்லிய எலும்பின் கீழ்முனை. இவ்விரண்டிற்கும் இடையே டேலஸ் என்னும் கணு எலும்பு, பொளிவாயில் பொருந்திய மரத்துண்டு போல் அமர்ந்துள்ளது. அதற்குக் கீழே குதிகால் எலும்பும், முன்னே படகு வடிவ எலும்பு ஒன்றும் உள்ளன.

உட்புறப் புடைப்பிலிருந்து வலிய நார்க்கற்றை ஒன்று, விரித்த விசிறி போல், மேலே குறுகியும் கீழே அகன்றும் இறங்குகிறது. முக்கோண வடிவினதாகிய டெல்டா என்னும் கிரேக்க எழுத்தை ஒத்திருத்தலின் இதனை டெல்டாய்டு நார் என்பர். இதில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்கு படகு எலும்பையும், பாதத்தின் உள்வளைவைத் தாங்கும் மற்றொரு நாரையும், குதிகால் எலும்பையும், டேலஸின் பின்பகுதியையும் பற்றுகிறது. உள்ளடுக்கு குட்டையானது, தடித்தது. டேலஸை மட்டுமே பற்றி, அது வெளிப்புறமாக நகராமல் காக்கிறது. கற்றைகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் சற்று வேறுபடும்.

வெளிப்புறத்திலோ தனித்தனியான மூன்று நார்களே உள்ளன. அவை உட்புற நாரைவிட மெலிந்தவை. மேலும், வெளிப்புறப் புடைப்பு உட்புறத்தைவிடக் கீழே இறங்கியிருப்பதால், பாதம் உள்நோக்கித் திரும்புவது எளிது. வெளிநோக்கித் திரும்புவது அரிது. ஆகவேதான் பெரும்பாலான சுளுக்குகள் வெளிப்புறத்திலேயே நேர்கின்றன.

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். உட்புற நார் இவ்வளவு வலியதாயின், அதனை அறுக்கும் விசை சிறியதாக இராது. பாதம் ஓரிடத்தில் ஊன்றியிருக்க, உடல் சட்டெனத் திரும்பும்போது அத்தகைய விசை எழுகிறது. தறிக்குழியிலிருந்து எழும்போது கால் சிக்கலாம். திருமலையில் நேமிநாதரை வணங்கி வெறுங்காலோடு படியிறங்கும் முதியோர்க்குக் கால் பிசகலாம். அவ்விசை நாரை மட்டும் தாக்கி நின்றுவிடுவதில்லை. பல வேளைகளில் நார் அறுவதற்கு மாறாக உட்புறப் புடைப்பே உடைகிறது. அல்லது வெளிப்புற எலும்பும் சேர்ந்து முறிகிறது. முறுக்கு விசை இரு எலும்புகளுக்கிடையே மேலேறி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஃபிபுலாவை முறிப்பதும் உண்டு. 1840இல் இதனை விளக்கிய பிரெஞ்சு அறுவை மருத்துவர் மேசன்னேவ் என்பவரின் பெயரால் அம்முறிவு இன்றும் வழங்குகிறது. கணுக்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் அது புலப்படாமற் போகலாம். ஆதலின் முழங்காலின் கீழே வெளிப்புறத்தில் வலியிருந்தால் மருத்துவரிடம் தவறாது கூறவேண்டும்.

கவனியாது விட்டால் வரும் தீங்கு யாது? டேலஸ் 1 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தாலும், மூட்டில் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு ஏறத்தாழ 42 விழுக்காடு குறைவதை 1976இல் ராம்சே, ஹாமில்டன் என்னும் ஆய்வாளர்கள் கண்டனர். அந்நிலையில் உடலின் பாரமெல்லாம் சிறிய இடத்தில் அழுந்த, மூட்டுத் தேய்கிறது. நாள்தோறும் மிதிகட்டை மிதிப்பவர்க்கு அது பிழைப்பையே பாதிக்கும்.

எப்போது எக்ஸ்ரே வேண்டும் என்பதற்குக் கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் 1992இல் எளிய விதிகள் வகுக்கப்பட்டன. கணுக்காலில் வலியுள்ளபோது, இரு புடைப்புகளுள் ஒன்றன் நுனியிலோ, அதன் பின்விளிம்பில் 6 சென்டிமீட்டர் உயரத்திற்குள்ளோ எலும்பை அழுத்தினால் நோவு இருந்தாலும், காயமுற்ற உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி நடக்க இயலாவிட்டாலும் எக்ஸ்ரே வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், வலி இல்லையென்று வாளாவிருத்தல் ஆகாது. அவர்கள் மருத்துவரைக் காண்பதே முறை.

வீட்டில் செய்யத்தக்கவை சில. காலை ஊன்றாமல் உயர்த்தி வைக்க. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வரை ஒற்றுக. மிக இறுக்காமல் கட்டுத் துணி கட்டுக. உட்புறம் வீங்கிய கணுக்காலை எண்ணெய் தடவி உருவுதலும், சுளுக்கெடுப்பதாகச் சொடுக்கி இழுத்தலும் வேண்டா. உடைந்த எலும்பு இருப்பின் அச்செயல் அதனை மேலும் விலக்கிவிடும்.

நாரில் மட்டும் காயமெனின், பெரும்பாலும் கட்டும் ஓய்வும் பயிற்சியும் கொண்டே பல வாரங்களில் ஆறிவிடும். எலும்பும் முறிந்து மூட்டு நிலைகுலைந்திருந்தால் அறுவை தேவைப்படலாம். அதனை முடிவு செய்வது மருத்துவரே.

தறி நின்றால் கூலி நிற்கும் என்ற அச்சத்தால் வீங்கிய காலோடு மிதிகட்டையை மிதிப்போர் உண்டு. அவர்களை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வீட்டாரின் கடமை. சில நாள் கூலி குறைந்தாலும் பின்னர் ஈட்டிக்கொள்ளலாம். தேய்ந்த மூட்டைப் பழைய நிலைக்குக் கொணர்தல் அரிது. இதனை வீட்டிலுள்ள இளையோர்க்கும் எடுத்துச் சொல்வோமாக.